ஹெசலிங்க் பண்ணையின் பெயர்

டுவென்டே, நவம்பர் 1951

தம்பி கெரிட்டுக்கு,

வம்ச மரத்தைச் சட்டம்போட்டு மாட்டவேண்டும், தேவாலயப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதி அனுப்பு என்றாய். பார்த்தேன். அதில் இருந்ததைச் சொல்கிறேன், கேள்.

ஹெசலிங்க் என்பது பண்ணையின் பெயர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு விதவை இருந்தாள். மாட்டுக்கொட்டில் கூட்டிக்கொண்டிருந்த பெரெண்ட் அவளைக் கட்டிக்கொண்டான். நம் பக்கத்து அந்தக் கால வழக்கப்படி, பண்ணைக்குள் வந்தவன் பண்ணையின் பெயரைப் போட்டுக்கொண்டான். நம் தாத்தாவின் தாத்தா அவன்தான்.

பண்ணையாள் ஹெர்மனைக் கட்டிக்கிறேன் என்று உன் மகள் மினா சொன்னதற்கு, "சாணி அள்ளுற பயலோட பேரு ஹெசலிங்க் வாசல்ல ஏறவா? வெளிய போடி" என்று துரத்தினாயாமே. நீ சட்டம்போடப் போவதும் ஒரு சாணி அள்ளியவனைத்தான்.

மினா என்னிடம் இருக்கிறாள். ஹெர்மன் வந்துபோகிறான். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறான். உனக்கு இன்றுவரை வராத பழக்கம். கல்யாணத்தை நான் நடத்துகிறேன்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா இதே வார்த்தைகளை என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் எந்தப் பதிவேட்டையும் பார்க்கப் போகவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு பால் கறக்கப் போனேன்.

உன் அக்கா