ஏறல

ஜனவரி 7, செவ்வாய்

இன்றும் ஏறவில்லை. அறுபது பந்து எறிந்தேன். அறுபதுக்கும் கெசியா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "ஏறல." ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "கொஞ்சம் ஏறிச்சு" என்று பொய் சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்?

சாப்ட்பாலில் ரைஸ் பால் என்றால் கீழிருந்து எறியும் பந்து மட்டைக்குப் பக்கத்தில் வரும்போது மேலே எழும்பி, அடிக்கிறவளை ஏமாற்ற வேண்டும். என்னுடையது யாரையும் ஏமாற்றுவதில்லை. நேரே போய், அடித்துக்கொள் என்று நிற்கிறது.

பிப்ரவரி 10 பல்கலைக்கழக அணித் தேர்வு. கல்லூரியில் எங்களுக்குக் கடைசி வருடம். பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உடற்கல்விக் கல்லூரி. நான் பந்து எறிகிற பிட்சர், கெசியா அதைப் பிடிக்கிற கேட்சர், இரண்டு பேரும் சேர்ந்தே போவது என்று முதல் வருடத்திலேயே பேசி வைத்தது. வராவிட்டால் பி.எட். அப்பா விண்ணப்பத்தை இப்போதே வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். நான் ஒருத்தி தப்பிக்கப் பார்க்கிறேன், அதுவும் ஏறாத பந்தை வைத்துக்கொண்டு.

ஜனவரி 9, வியாழன்

ஏறல.

ஜனவரி 13, திங்கள்

கெசியா ஹாஸ்டலில் யாரிடமோ மார்க்கர் வாங்கி, பந்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். பந்து சரியாகப் பின்பக்கமாகச் சுழன்றால் கோடு அசையாமல் ஒரே கோடாகத் தெரியுமாம். எறிந்தேன். என்ன தெரிந்தது என்று கேட்டால், கடிகார முள் மாதிரி சுத்துது என்கிறாள். அதாவது பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி பக்கவாட்டில் திருகிக்கொண்டு போகிறது. அப்படிச் சுழன்றால் ஆயுசுக்கும் ஏறாது.

இவ்வளவு நாள் எனக்குத் தப்பு தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தே தப்பாக எறிகிறேன். முன்னேற்றம்தான்.

ஜனவரி 20, திங்கள்

யூடியூபில் அந்த வெளிநாட்டு அக்கா சிரித்த முகம் மாறாமல் சொல்கிறாள்: ரொம்பச் சுலபம், கதவுக் குமிழைத் திருகுவதுபோல் கையைத் திருகுங்கள்.

எந்தக் கதவு? எந்தக் குமிழ்? எங்கள் வீட்டு வாசலில் தாழ்ப்பாள். கொல்லையில் கொண்டி. குளியலறையில் ஆணியில் சுற்றிய கயிறு, அதுவும் அப்பா "நாளைக்குச் சரி பண்ணிரலாம்" என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. கல்லூரி லேபில் கீழே அழுத்துகிற கைப்பிடி. பாளையங்கோட்டை முழுக்க அலைந்தாலும் திருகுகிற மாதிரி கதவு இருக்கிறதா? இல்லாத கதவை எங்கே போய்த் திறக்கிறது நான்?

சரி, தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொண்டு திருகினேன். முப்பது பந்து. கெசியா என்ன சொன்னாள் என்று எழுதப் போவதில்லை.

ஜனவரி 29, புதன்

உடற்கல்வி சித்ரலேகா மிஸ் கூப்பிட்டு, கீழே இறங்குகிற டிராப் பால்தான் கைவசம் இருக்கிறதே, அதை ஒழுங்காகப் போட்டால் போதும் என்றார். டிராப் பால் போடுகிறவர்கள் அணியில் ஏற்கெனவே இரண்டு பேர். மூன்றாவதாக என்னை எதற்கு எடுப்பார்கள்? கேட்டேன். மிஸ் வாலிபால்காரர். விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோபத்தை எல்லாம் கெசியாவிடம் காட்டிவிட்டேன். கிளவுஸை முட்டிப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பந்து எப்படி மேலே வரும், உனக்கே நம்பிக்கை இல்லை என்று கத்தினேன். அவள் முகமூடியைக்கூடக் கழற்றவில்லை.

"பந்து எங்கன வருதோ அங்கனதானட்டி வைக்க முடியும்."

அவள் இடது கைப் பெருவிரல் வீங்கியிருந்தது. என் பந்துகள்தான். பார்த்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

ஏறல. இன்னும் ஏழு நாள்.

பிப்ரவரி 8, சனி

கிடைச்சிட்டு! கிடைச்சே போச்சு!

நாளை மறுநாள் தேர்வு, இன்றைக்குப் போய் ஆலயத்தில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, எனவே ஊரே வந்து வேலை செய்ய வேண்டும். அப்பா கமிட்டி உறுப்பினர், அதனால் அவர் மகள் தேங்காய் துருவாமல் இருக்க முடியாதாம். காலையிலிருந்து துருவினேன். எத்தனை என்று எண்ணவில்லை. மணிக்கட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. எறிகிற கை, அம்மா, என்றால், "மத்தவளுக்கெல்லாம் அது என்ன, காலா?" என்கிறாள்.

மத்தியானம் வெஸ்டரியிலிருந்து ஜமக்காளம் எடுத்து வரச் சொன்னார்கள். குருவானவர் அங்கி மாற்றுகிற அறை; உள்ளே நான் போனதே இல்லை. எடுத்துக்கொண்டு திரும்பினால் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. உள்பக்கம் பார்க்கிறேன், உருண்டையாக ஒரு பித்தளைக் குமிழ். வெள்ளைக்காரன் காலத்துக் கதவு. ஞாயிறு தவறாமல் இருபது வருடமாக வருகிறேன், பத்தடி தள்ளி இது இருந்திருக்கிறது!

இடது கையில் ஜமக்காளம். வலது கை முழுக்கத் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் வழுக்குகிறது. மேலிருந்து திருகினாலும் வழுக்குகிறது. கடைசியில் கையைக் கீழே கொடுத்து, விரல் நுனியால் மட்டும் பிடித்துத் திருகினேன். சுண்டுவிரல் முன்னால் வந்தது, உள்ளங்கை வானத்தைப் பார்த்தது, கதவு திறந்தது.

நான் இத்தனை நாள் பந்தை உள்ளங்கையில் அமுக்கிப் பிடித்து, மேலிருந்து குழாய் திருகியிருக்கிறேன். பிடியும் தப்பு, திருகலும் தப்பு. வெளியே முனை வெட்டிய ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து எறிந்து பார்த்தேன். வெட்டிய பக்கம் அசையாமல் சுழன்றது. சமையல்காரர் திட்டினார், திட்டட்டும்.

சாயங்காலம் கெசியாவுக்குப் போன் செய்தேன். சிரித்தாள். "நாளைக்குக் காலைல வாட்டி, அரைமணி நேரம் பிடிச்சுப் பாக்கேன்" என்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போகவில்லை. அப்பா, "ஓய்வுநாள்ல பந்து எறியப் போறியா?" என்று மட்டும் கேட்டார், அதட்டவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோல்கூட எடுக்க மாட்டோம். கெசியாவிடம், நாளைக்கு நேரிலேயே பார் என்று சொல்லிவிட்டேன். அவளை அசர வைக்கலாம் என்று ஒரு ஆசையும் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஏறியது. முதல் பந்தே. அடிக்க வந்தவள் காற்றை வெட்டினாள்.

பந்து கெசியாவின் தலைக்கு மேலே போய்ப் பின்வலையில் அடித்தது. அவள் கிளவுஸ் முட்டிக்கிட்ட இருந்தது, இத்தனை நாளும் இருந்த இடத்தில். ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்து, முகமூடியைத் தூக்கி, பல் தெரியச் சிரித்தாள்.

"ஏறிச்சுட்டி ரீபா."

அப்புறமும் இரண்டு பந்து அவளைத் தாண்டிப் போயின. அதன் பிறகு எல்லாவற்றையும் பிடித்தாள். ஆனால் தேர்வாளர் மூன்று தடவையும் குனிந்து ஏதோ எழுதியதை நான் பார்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பட்டியலில் என் பெயர் இருக்கிறது. கெசியா இல்லை.

மிஸ்ஸிடம் போய்ச் சண்டை போட்டேன். அந்தப் பந்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை, நான்தான் காட்டவில்லை, என் தப்பு என்றேன். மிஸ் பாவமாகப் பார்த்து, "வார பந்தப் பிடிக்கிறதுதானம்மா கேட்சர் வேலை" என்றார். கெசியாவும் அதையேதான் சொல்கிறாள். திட்டித் தொலையேன்ட்டி! ஒரு தடவை திட்டினால் என்ன? அரைமணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் அரைமணி நேரம். போயிருக்கலாம்லா. போயிருக்கலாம்.

வீட்டில் அப்பா ஜெபம் பண்ணி நன்றி சொன்னார். நான் கண்ணை மூடவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

கெசியா இன்று வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் பார்த்தாள்.

"அந்த பி.எட். ஃபாரம் உனக்கு வேண்டாம்லா? எனக்குத் தா."

எடுத்துத் தட்டிக் கொடுத்தேன். தூசி படிந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளே நிரப்பினாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர் திசையன்விளை. தாளைப் பிடித்திருந்த இடது கைப் பெருவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. விளையாட்டு என்று ஒரு கட்டம் வந்தது. அதில் நேராக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

பேனாவைப் பிடுங்கினேன். அந்தக் கோட்டுக்கு மேலேயே எழுதினேன்: சாப்ட்பால், கேட்சர், மூன்று வருடம்.

"அடிச்சு எழுதினா வாங்க மாட்டாவட்டி" என்றாள்.

வாங்காவிட்டால் வேறு ஃபாரம் வாங்கி வந்து அதிலும் இதையேதான் எழுதுவேன் என்றேன். அவள் பேனாவுக்காகக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.