பின் அறையில் இருந்த கல்யாண வீடியோ

சோரியாங்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் டேனியலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை பாப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி பரவாயில்லையா. அப்பா வண்டியிலிருந்து விழுந்து கை உடைந்தது என்று போனில் சொன்னேனே, அது பொய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் அழுவேன், எதுவும் முழுதாக உன் காதுக்கு வந்து சேராது. அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

செலியமேட்டில் ஒரு கல்யாணம், அப்பாதான் போட்டோவும் வீடியோவும். சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலத்தில் டிரம்ஸ் அடித்தவன் பாக்யராஜ், நம் தெரு அம்சவள்ளியின் ஒரே பிள்ளை, உன்னோடு கிரிக்கெட் ஆடியவன்தான். பெண் வீட்டுச் சொந்தக்காரன் கௌதம் என்று ஒருவன் குடித்துவிட்டு வந்து டிரம்ஸ் மேல் செருப்புக் காலை வைத்திருக்கிறான். பாக்யராஜ் அந்தக் காலைத் தள்ளிவிட்டான், அவ்வளவுதான் அவன் செய்தது. கௌதம் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கழுத்தில் ஒரு குத்து, அவன் சாய்வதற்குள் வயிற்றில் இன்னொரு குத்து. அப்பா கேமராவை இறக்கவில்லை, இறக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை, கை மரத்துவிட்டது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேனிலேயே பாக்யராஜ் போய்விட்டான். கல்யாண வீட்டார் அத்தனை பேரும் ஒரே வாயாக, போதையில் உடைந்த பாட்டில்மேல் விழுந்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து எப்போதும்போல கார்டை முன் அறைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். போன லீவில் நீ இரண்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துவிட்டுப் போனாயே, முன் அறையில் அப்பா ஏற்றுவது எல்லாம் பின் அறையில் பாப்பாவிடம் தானாகப் போய்விடும்படி. அப்போது பாப்பா ஆல்பம் டிசைன் பண்ணிக்கொண்டிருந்ததால் அந்தக் கல்யாணமும் அங்கே போய்ச் சேர்ந்தது. அப்பா வெளியில் யாரிடமும் வீடியோவைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, நமக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார். பாக்யராஜைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன மறுநாள் அம்சவள்ளி வந்தாள். அழவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "டிரம்ஸ் அடிக்கறப்ப சிரிச்சினு இருப்பான்கா, அந்த மாதிரி ஒரு போட்டோ இருந்தா குடுக்கச் சொல்லு, மாலை போடறதுக்கு" என்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே தருகிறேன் என்றார்.

அன்று மதியம் அப்பா அந்தப் போட்டோவைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் கௌதமின் ஆட்கள் நாலு பேர் உள்ளே வந்தார்கள். நான் அடுப்பில் குழம்பு வைத்திருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் கேமரா ஸ்டாண்டாலேயே அப்பாவின் முதுகில் அடித்துவிட்டார்கள். ஒருவன் என் முடியைச் சுற்றிப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான், முன்பல் ஒன்று போய்விட்டது. கார்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். அப்பாவின் வலது கையை மேசைமேல் விரித்துவைத்து ஸ்டாண்டின் இரும்புக் காலால் இடித்தார்கள் டேனியல், தேங்காய் உடைக்கிற மாதிரி. பிறகு அந்தக் கல்யாணம் முழுவதையும் இடது கையால் அழிக்கச் சொன்னார்கள். ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் போலிருக்கிறது, அழித்தது எங்கே போய்க் கிடக்கும் என்று பார்த்து அதையும் காலி பண்ண வைத்தான். அப்புறம், "வேற எங்கனா வச்சிருக்கியா" என்று கேட்டான். அப்பா இல்லை என்றார். இன்னொரு முறை இடித்தான். அப்போதும் இல்லை என்றார். பாப்பா வயிற்று வலி என்று பின் அறையில் படுத்திருந்தாள், கம்ப்யூட்டரைக்கூடப் போடவில்லை. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாளாம். அப்பாவின் கண் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை.

அவர்களில் ஒருவன் தானாகவே பின் அறைப் பக்கம் நடந்தான். நான் என்னைப் பிடித்திருந்தவன் கையைக் கடித்தேன், சதை வாயில் வந்தது. அவன் விட்டதும் அடுப்படிக்கு ஓடிப்போய்க் கொதிக்கிற குழம்புச் சட்டியை அப்படியே தூக்கிவந்து, கதவில் கை வைத்தவன் முகத்தில் ஊற்றினேன். அவன் போட்ட அலறலில்தான் தெருவே வந்தது. போகிற அவசரத்தில் மானிட்டரைக் காலால் உதைத்து நொறுக்கிவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவன் கன்னத்துத் தோல் சுருண்டதை நான் பார்த்தேன். வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் விட்டேன், ஆனால் வருத்தம் வரவில்லை. என் கைகூடக் கொஞ்சம் வெந்துவிட்டது, ஆறி வருகிறது, அதற்குக் கவலைப்படாதே.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா கம்ப்யூட்டர போட்டுவுடு, அதுல கீறதும் தானா அழிஞ்சிடும்" என்பதுதான். நீ படித்துப் படித்துச் சொன்னாயே, அம்மா இது இரண்டு காப்பி இல்லை, ஒன்றில் அழித்தால் இன்னொன்றிலும் அழியும் என்று. உடைந்தது மானிட்டர்தான், மேசைக்குக் கீழே பெட்டி லைட் எரிய ஓடிக்கொண்டேதான் இருந்தது. பின் அறையில் சுவிட்சைப் போட்டால் இங்கே இல்லாதது அங்கேயும் இல்லாமல் போகும். நான் சரி என்று சொல்லிவிட்டு முன் அறைக்குப் போய், மோடத்தின் ஒயரைப் பிடுங்கினேன். பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினேன். பிறகுதான் பாப்பாவைக் கம்ப்யூட்டர் போடச் சொன்னேன். அப்பா வந்து, "இன்னாடி பண்ற" என்றார். "அம்சவள்ளிக்குப் போட்டோ தரேன்னு சொன்னீங்க இல்ல, அத எடுக்கறேன்" என்றேன். எனக்கும் அப்போது அவ்வளவுதான் எண்ணம். பாப்பா போட்டோவை எடுத்தாள். பையன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு அந்த வீடியோவையும் போடச் சொல்லிப் பார்த்தேன். விழுந்த பிறகு அவன் ஒரு கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் டிரம்ஸைத் தன் பக்கம் இழுக்கிறான் டேனியல். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் கேட்கவில்லை. அம்சவள்ளியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் வந்து காப்பி எடுத்துக்கொண்டு, பின் அறைக் கம்ப்யூட்டரையும் சீல் வைத்துக் கொண்டுபோனார்கள். கௌதமைப் பிடித்துவிட்டார்கள், முகம் வெந்தவன் ஆஸ்பத்திரியில் மாட்டினான், மற்ற மூவரும் அவனாலேயே மாட்டினார்கள். ஆனால் அப்பா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். நான் தட்டை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பாப்பாதான் ஊட்டினாள்.

போன வாரம் கௌதமின் மாமா பழத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அன்பாகத்தான் பேசினார். வீடியோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து, இந்த வீடியோ நீங்கள் எடுத்ததுதானா, ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்டார். அம்சவள்ளியும் வாசலில் நின்றாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டே, "நான் எடுத்ததுதான் சார். நான் ஒண்ணும் தொடல. என்னை அடிச்சி அழிக்க வச்சாங்க, அதையும் எழுதிக்கங்க" என்றார். கட்டுப்போட்ட வலது கையால் கையெழுத்துப் போட முடியாது. அழகாகக் கையெழுத்துப் போடுகிற மனுஷன், இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "பசிக்குது, சோறு போடு" என்றார். பிசைந்து ஊட்டினேன். முழுத் தட்டும் சாப்பிட்டார்.

நீ கோபத்தில் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து யார் வாசலிலும் போய் நிற்காதே, அதற்காகத்தான் இவ்வளவும் நிதானமாக எழுதினேன். உன் சிநேகிதர்களிடமும் சொல்லி ஏற்றிவிடாதே. இந்த வீடு பார்த்த ரத்தம் போதும். பாப்பாவைக் கேஸ் முடியும்வரை காரைக்காலில் சித்தி வீட்டில் விட்டிருக்கிறேன். கோர்ட்டில் நானும் சாட்சி, போவேன். இன்னொன்று, பின் அறைக் கம்ப்யூட்டர் திரும்பி வந்தால் எப்படிச் சேர்ப்பது? முன்னது காலியாக இருக்கிறது, சேர்த்ததும் அதன் வெறுமை இதன்மேல் வந்து விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மெதுவாகப் பேசி அனுப்பு, நீ சொல்லும்வரை ஒயரைத் தொடமாட்டேன்.

அப்பாவிடம் பேசும்போது வீடியோவைப் பற்றிக் கேட்காதே, விரல் மடங்குகிறதா என்று கேள், இரண்டு விரல் மடங்குகிறது என்று அவராகவே சொல்வார். வெள்ளிக்கிழமை பூசையை விடாதே. எந்தத் தீங்கும் உன் பக்கம் திரும்பாமல் மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மா
லில்லி இன்னாசிமுத்து