ஆள் இல்லாத ஊருக்குப் பஸ்

6-7-92, திங்கள். மைசூர்

காலையிலிருந்து தூறல். எங்கள் ஊர் புளியங்கொட்டாயில் ஆளே இல்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். எழுத வைத்தவர் என் சம்பந்தி, பாறைமேட்டுக்காரர்.

பஸ் ஆபீசில் மனு கொடுத்தேன். பாறைமேட்டில் திரும்பும் பஸ் இன்னும் மூன்று மைல் வந்தால் போதும். குமாஸ்தா பழைய ஃபைலைப் புரட்டினான். கன்னடம் கலந்த தமிழ்.

"தாத்தா, இது பேச்சராக் ஊரு. ஜனமே இல்ல. பஸ்ல பேயா ஏறும்?"

"அங்கிருந்துதான் வர்றனுங்க. தொட்டுப் பாருங்க."

"தொட்டா ஆச்சா? ஃபைல்ல இல்லியே."

போன வருடம் தலைக்கணக்கு எடுத்த வாத்தியாரின் குறிப்பு: எல்லா வீடும் பூட்டு. ஒரு அடுப்பும் எரியவில்லை. ஆட்கள் பாறைமேட்டில் குடியேறிவிட்டார்கள். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. கன்னடத்தில் இருந்தது சம்பந்தியுடையது, குமாஸ்தா படித்துச் சொன்னான். மற்றது தமிழ். அதை நானே படித்தேன். முருகேசன். என் மகன்.

7-7, செவ்வாய். மைசூர்

வேட்டி காயவில்லை. ஈரத்தோடு முருகேசன் கொத்துவேலை செய்யும் கட்டடத்துக்கு. வழியெல்லாம் அந்த நாள் ஞாபகம். பாறைமேட்டு மாரியம்மனுக்குக் கிடாவிருந்து. சம்பந்தி வீடு வீடாக வந்து அழைத்தார். "இன்னிக்கு உங்க ஊர்ல ஒரு அடுப்பு பத்தக்கூடாதுங்க, சொல்லிப்போட்டேன்." விருந்து அழைப்பின் முறை அதுதான். பூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் கறி தின்ற நேரத்தில் வாத்தியாரை எங்கள் தெருவில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையெல்லாம் சிமெண்டு.

"ஏண்டா?"

"பஸ் வந்தா நீங்க அங்கயே இருந்துக்குவீங்கப்பா. வரலைன்னா அம்மாவக் கூட்டிக்கிட்டு இங்க வருவீங்கன்னு நெனச்சேன்."

டீ வாங்கித் தந்தான். தொடவில்லை.

8-7, புதன். ஊர்

நேற்று இருட்டும் முன் வந்து சேர்ந்தேன். இன்று பேய்க்காற்று. மனைவி கண்ணம்மாவின் கால்புண்ணுக்குக் கட்டு மாற்றும் நாள். புதனும் சனியும் கொள்ளேகால் ஆஸ்பத்திரி. பாறைமேடு வரை கட்டிலில்தான் தூக்க வேண்டும். நாலு ஆள் வேண்டும். இளவட்டங்கள் எல்லாம் மைசூரில் கட்டட வேலை. பஸ் இல்லை என்று போனார்கள். ஆள் இல்லை என்று பஸ் வராது.

மூன்று மூலைக்கு நான், சின்னப்பன், மணி. நான்காவது மூலைக்குப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா. குமாஸ்தா சொன்னதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு ஒரே கேலி. "அக்கா, பேயெல்லாம் சேந்து தூக்குறோம். கெட்டியாப் புடிச்சுக்க!" மனைவி வலியோடு சிரித்தாள். மகன் கையெழுத்தை அவளிடம் சொல்லவில்லை.

போய்ச் சேர்வதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். திரும்பத் தூக்கி வந்தோம்.

9-7, வியாழன்

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"தலை எங்க இருந்தா என்னங்க சம்பந்தி? எங்க ஊர்க் கணக்குல உங்க தலையும் சேந்ததுனாலதான் பாறைமேடு மட்டுக்காவது பஸ் வந்துச்சு. பொண்ணக் குடுத்த வீட்டுக்குக் கெடுதல் பண்ணுவனுங்களா?"

"என் தலைய எனக்குத் திருப்பிக் குடுங்க."

மோர் கொண்டுவந்தார்கள். வாங்கவில்லை.

10-7, வெள்ளி

மழை இல்லை. செய்ய வேண்டியவை:

சின்னப்பன்: வீடு வீடாகப் பெயர் எழுத வேண்டும். கைக்குழந்தையையும் விடக்கூடாது.

வாத்தியார்: விருந்தில்லாத நாளில் மறுபடி வர வேண்டும். தனியாக.

தாசில்தார்: கூட வந்து கண்ணால் பார்த்து, பேச்சராக் என்பதை அடிக்க வேண்டும்.

ஊரார்: யார் அழைத்தாலும் ஒரு வீட்டிலாவது அடுப்பை அணைக்காமல் போக வேண்டும்.

சம்பந்தி: சொன்னது பொய் என்று எழுதித் தர வேண்டும். தரமாட்டார். தரும்வரை அங்கே கை நனைக்க மாட்டேன்.

நான்: மைசூருக்குக் குடிபோவதில்லை.

முருகேசன்: கையெழுத்தைத் திரும்ப வாங்க வேண்டும். வாங்கும்வரை புதனும் சனியும் வந்து கட்டிலின் நான்காவது மூலையைப் பிடிக்க வேண்டும். செல்லம்மாவுக்குத் தோள் வீங்கியிருக்கிறது.