கோப்பி தின்ற மங்களம்

மாதவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு படி, நம் புது வீட்டுக்கு வந்த மங்களத்தை நம் கோப்பி நாய் முக்கால்வாசி தின்றுவிட்டது, அதற்காக அதை டெங்கில் ஊருக்கு அனுப்பும் விஷயம் குடும்பக் குரூப்பில் வாக்கெடுப்பு வரை போய்விட்டது.

அன்பு மகளுக்கு, இங்கே கிள்ளானில் அப்பாவும் நானும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே டப்ளினில் நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, காலையில் ரொட்டியைத் தவிர வேறு ஏதாவது வயிற்றுக்குள் போகிறதா என்று எழுது. புதன்கிழமை உன் அத்தை மகன் தனேஷ் குரூப்பில் விவரம் ஒன்றும் சொல்லாமல் "கோப்பி: வீடா, டெங்கிலா" என்று போட்டதற்கு நீ ஒரு கேள்விக்குறி அனுப்பினாயே, அதற்குப் பதில்தான் இது. குரூப்பில் எழுதினால் அவன் அம்மா வீரம்மா அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிப்பார், அதனால் இமெயில். நீளமாக இருக்கும், பஸ்ஸில் போகும்போது படி, சாப்பிடும்போது மட்டும் படிக்காதே.

போன ஞாயிறு கிரகப்பிரவேசத்தைத் தனேஷ் போனில் உனக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தான் இல்லையா, பசு மாடு ஹாலுக்குள் வந்து நின்றது வரை பார்த்தாய், அப்புறம் திடீரென்று அரை மணி நேரம் மின்விசிறி மட்டும் தெரிந்தது. லைன் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பாய். லைன் கெடவில்லை, நீ பார்க்கக் கூடாது என்று அவன் போனை மேலே திருப்பிவிட்டான். நடந்தது இதுதான். டெங்கிலில் மாட்டுக் கொட்டகை வைத்திருக்கும் அய்யாவு அண்ணன் பசுவையும் கன்றையும் லோரியில் கொண்டுவந்தார். டைல்ஸ் வழுக்குமே என்று சாக்கு விரித்து, அதன் மேல் பசுவை நிறுத்தினோம். வீட்டுக்குள் பசு சாணம் போட்டால் லட்சுமியே வந்து உட்கார்ந்த மாதிரி என்று அத்தை ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், நாற்பது பேரும் பட்டும் பூவுமாக மாட்டின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது அவசரப்படவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் தின்றது, அகத்திக் கீரை தின்றது, அப்பாவின் புது வேட்டி ஓரத்தையும் கொஞ்சம் சுவை பார்த்தது. கடைசியில் மனம் இறங்கிப் போட்டது. அத்தை இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து பார்த்தால் லட்சுமி இருந்த இடத்தில் கோப்பி நிற்கிறது, தலையைத் தூக்காமல், பசியோடு ஆஸ்டலிலிருந்து வந்த நீ தோசைத் தட்டைப் பார்த்த அதே மாதிரி.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். அது தப்பு என்று அப்புறம்தான் படித்தேன், கத்தினால் பிடுங்க வருகிறார்கள் என்று நினைத்து நாய் இன்னும் வேகமாக விழுங்குமாம், அப்படியே விழுங்கியது. அத்தை கூப்பிய கையைப் பிரித்தார். "லட்சுமி வந்தா, வந்த வேகத்துல நாய் வயித்துக்குள்ள போயிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐயர் நல்லவர், மந்திரத்தை நிறுத்தவே இல்லை. ஹோமம் முடிந்து பஞ்சகவ்வியம் கொடுத்தார், எல்லோரும் வரிசையில் நின்று உள்ளங்கையில் வாங்கிக் குடித்தோம், அத்தை இரண்டாம் முறையும் கையை நீட்டினார். சாப்பாடு பரிமாறும்போதே தீர்ப்பு வந்துவிட்டது. புது வீட்டின் முதல் மங்களத்தைத் தின்ற நாய் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, சனிக்கிழமை அய்யாவு அண்ணன் லோரியோடு வருவார், கொட்டகையிலேயே கட்டிப் போடட்டும் என்றார் அத்தை. அங்கே பதினெட்டு மாடு இருக்கிறது. இது தண்டனையா, ஸ்காலர்ஷிப்பா என்று கேட்க வாய் வந்தது, நாத்தனார் ஆயிற்றே, விழுங்கிக்கொண்டேன். கயிறு எப்படி அவிழ்ந்தது என்று மட்டும் ஆளாளுக்குக் கேட்டார்கள். உன்னிடம் சொல்கிறேன், வேறு யாருக்கும் தெரியாது, அவிழ்த்துவிட்டது நான்தான். குடும்பத்தார் எல்லோரும் பசுவின் பின்னால் வலது கால் வைத்து உள்ளே வர வேண்டும் என்று ஐயர் சொன்னார். ஆறு வருடம் பண்டமாரான் வாடகை வீட்டில் நம்மோடு இருந்த கோப்பி மட்டும் பின்பக்கம் கட்டிக் கிடந்து, திருட்டுப் பிள்ளை மாதிரி அப்புறமாக உள்ளே வருவதா என்று தோன்றியது. குளிப்பாட்டிப் பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். வலது காலைத்தான் வைத்தது, எல்லோர் கண்ணும் மாட்டின் மேல், அதை யாரும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் போனைக் கையில் எடுத்தவள்தான், மூன்று நாள் கீழே வைக்கவில்லை. உன் அம்மா இப்போது இந்த விஷயத்தில் பாதி டாக்டர், சிரிக்காதே. நாய்ப் பிரியர்கள் குரூப்பில் கேள்வி போட்டேன், இருநூற்றுப் பதினாலு பேர் பதில் போட்டார்கள், அத்தனை வீட்டிலும் இதே கதை, பூனை மலத்தைத் தேடிப் போகிற நாய், ஆட்டுப் புழுக்கையைக் கடலை மாதிரி மெல்லுகிற நாய், யாரும் வெளியே சொல்வதில்லை அவ்வளவுதான். மாடும் ஆடும் தின்றது முழுசாகச் செரிக்காதாம், பாதி செரித்த புல்லும் தானியமும் சாணத்தில் இருக்குமாம், அந்த வாசனை நமக்கு நாற்றம், அதற்கு ரசம் கொதிக்கிற மாதிரி. பூனை கறியும் மீனுமாகத் தின்பதால் அது போடுவதும் நாய்க்குச் சாப்பாட்டு வாசனைதானாம். எனக்குக் கண் கலங்கியது எதைப் படித்து என்றால், குட்டி போட்ட தாய் நாய் குட்டிகளின் அசுத்தத்தைத் தானே நக்கித் தின்று படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைக்குமாம். அப்படியென்றால் கோப்பி நம் புது வீட்டைக் கூட்டித்தானே கொடுத்தது. இதை அப்பாவிடம் சொன்னேன், அது ஆண் நாய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். மிருக டாக்டரிடமும் கொண்டுபோனேன், நல்ல பிள்ளை, நம் தமிழ்ப் பெண். பழக்கம் சாதாரணம்தான் ஆன்டி, ஆனால் புழு வரும், மாட்டுக்கு அப்போதுதான் மருந்து கொடுத்திருந்தால் அதுவும் நாய்க்கு ஆகாது என்றாள். அய்யாவு அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டேன், மருந்து கொடுத்து மாசக் கணக்காச்சு என்றார், அப்புறம்தான் எனக்கு உயிர் வந்தது. புழு மாத்திரை கொடுத்தாயிற்று. இப்போது பாக்கெட்டில் அவித்த கோழித் துண்டு வைத்துக்கொண்டு "விடு" என்று பழக்குகிறேன், மூன்று தடவைக்கு ஒரு தடவை விடுகிறது, உன்னைவிடப் பரவாயில்லை. நீ ரொம்பச் சிரிக்க வேண்டாம், மூன்று வயதில் சாமி மேடையில் இருந்த திருநீற்றைக் கை நிறைய அள்ளித் தின்றவள் நீ, அதை எதைச் சுட்டு எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார்.

இதையெல்லாம் குரூப்பில் பதினோரு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன், அத்தை ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. வாக்கெடுப்பில் அத்தை டெங்கில், தனேஷும் டெங்கில், அவன் அவர் சமையலைச் சாப்பிடுகிறவன், என்ன செய்வான். "வீடு" பக்கம் ஓட்டுப் போட்டது நான் ஒருத்திதான். அப்பா பார்த்தார், தட்டவில்லை. நீ போகும்போது ஏர்போர்ட்டில் கோப்பியைத்தானே என் கையில் ஒப்படைத்தாய், உனக்கு என்ன பதில் சொல்வது என்று வெள்ளிக்கிழமை என் சோற்றையும் அதற்கே வைத்துவிட்டேன், அது வேறு என் காலடியில் படுத்துக்கொண்டு வாலை ஆட்டுகிறது.

நேற்று சனிக்கிழமை, அத்தையும் தனேஷும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள், அய்யாவு அண்ணன் லோரி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே, சாணியில வாய வைக்கிற ஜென்மத்த வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிச் சாமி கும்பிடுறது என்றார். அப்பா, ஆறு வருடத்தில் கோப்பியைத் தொட்டுக்கூடப் பார்க்காத உன் அப்பா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு நிமிராமலே சொன்னார், "அக்கா, பாலு, தயிரு, நெய்யி, கோமியம், அஞ்சாவதா என்ன கலக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு அதைத்தான் நாம கைய நீட்டி வாங்கிக் குடிச்சோம், நீங்க ரெண்டு வாட்டி. அது வரிசையில நிக்கல, அவ்வளவுதான் லா."

தனேஷ் தண்ணீர் குடிக்கப் போய்ப் புரையேறி முற்றத்துக்கு ஓடினான். அத்தை அப்பாவையே பார்த்தார், ஒரு வாய் சாப்பிட்டார், மறுபடி பார்த்தார். அப்புறம், சாமி மேடைப் பக்கம் வரக் கூடாது, என் கைய நக்கவும் கூடாது, அந்தக் கூட்டுல கொஞ்சம் போடு வள்ளி என்றார். அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு, அய்யாவு அண்ணனைச் சாப்பிட உட்காரவைத்து, லோரியைக் காலியாகவே திருப்பி அனுப்பினார். ராத்திரி பார்த்தேன், குரூப்பில் அத்தையின் ஓட்டைக் காணோம், சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் தனேஷ் ஓட்டும் மாயம்.

இன்னும் ஒன்று. இன்று காலையில் அப்பாவே கயிற்றை எடுத்துக்கொண்டு கோப்பியை நடக்கக் கூட்டிப்போனார், முழங்காலுக்கு நல்லதாம், வேறு காரணம் இல்லையாம். திரும்பி வந்து முடிச்சை என்னிடம் காட்டி, "இது நான் போடுற முடிச்சு வள்ளி, தானா அவிழாது. அடுத்த தடவ அவிழ்க்கிறதுக்கு முன்னாடி மாட்டைப் பாரு" என்றார். ஒரு வாரமாகத் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன், அவித்த கோழித் துண்டு.

சரி மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, சாமி உன் கூடவே நிற்கட்டும். படித்து முடித்ததும் முதல் வேலையாகக் குரூப்பைத் திறந்து ஓட்டுப் போடு. அப்பா தனக்குத் தட்டத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் போனை வாங்கி, நீ போட்டாயா என்று பார்க்கிறார். கயிற்று விஷயம் மட்டும் அத்தை காதுக்குப் போகக் கூடாது.

உன் அம்மா,
அமுதவள்ளி
(கோப்பியும் பக்கத்தில்தான், வாயைக் கழுவியாயிற்று)