வரிசையில் வைத்த பைகள்

கருமாரித் தாயே துணை

சேக்காடு,
ஞாயிறு மதியம்.

பவ்யா அப்பாவுக்கு வரலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பவ்யாவும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மஸ்கட் வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நாடகமெல்லாம் வேண்டாம், நாலு பேர் சிரிப்பார்கள் என்றீர்கள். நேற்று நடித்துவிட்டேன். நாலு பேர் இல்லை, முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். வாசலில் வந்தவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டதும் நான்தான்.

ஜெபா என்ற பெண்தான் நாடகம் போட்டவள். எழுபது வருடத்துக்கு முன் வெளிநாட்டில் யாரோ எழுதிய அபத்த நாடகமாம். மூடிய ஜன்னல் முன்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். என்ன கொடுப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் போகவும் மாட்டார்கள். அவ்வளவுதான் கதை. அதைப் புரியவைக்க நம் சமுதாயக் கூடத்தில் நான்கு சனிக்கிழமை பயிற்சி வைத்தாள். முதல் நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படியா சும்மா நிற்பார்கள், ரேஷன் கடையில் நாங்கள் பையை வரிசையில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோமே என்றேன். அக்கா, அந்தப் பொம்பளையா நீங்களே நடிங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி வந்த வேஷம்தான் அது.

நேற்று நான் பையை வைத்துவிட்டு உள்ளே போனேனா, பார்க்க வந்திருந்த நம் தெரு வேம்புலியம்மாள் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள். "இன்னா குட்த்தாலும் எனக்கும் ஒண்ணு வோணும்மே" என்று என் பைக்குப் பின்னால் தன் பையை வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் மேடை நிறைய பை! கூட நடித்த விஷால், ஐ.டி. கம்பெனிப் பையன், வசனத்தை மறந்து பேயறைந்த மாதிரி நிற்கிறான். ஜெபா மேடை ஓரத்திலிருந்து என்னையே பார்க்கிறாள். நான் கெடுத்தால் எல்லாம் கெட்டது. அம்மனை நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். எல்லாப் பையையும் நேராக அடுக்கிவிட்டு, யாரும் எடுக்காதீங்க, எடுத்தா இடம் போயிடும் என்றேன். கூடமே அதிர்ந்தது.

அதைவிட வேடிக்கை கேளுங்கள். நாடகம் முடிந்து விளக்குப் போட்டும் ஒருத்தியும் பையை எடுக்கவில்லை!

பிறகு நடந்த கலந்துரையாடலில் வேம்புலியம்மாள்தான் முதலில் பேசினாள். "பட்டாவுக்குப் பதினோரு வருசமா நிக்கிறேன், இன்னிக்குதான் என்னையே பாத்தேன்" என்றாள். ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூந்தமல்லிப் பக்கம் ஐந்து பள்ளிக்கூடங்களில் இந்தப் பயிற்சியை நடத்தப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நானே சொல்லித்தர வேண்டுமாம். எட்டாவதோடு நின்றவள் நான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

தை மாதம் நீங்கள் வரும்போது பாரிவாக்கத்தில் திரும்பவும் நாடகம் இருக்கிறது. கோபம் இருந்தால் கோபத்தோடேயே வாருங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
வரலட்சுமி