இருபத்தொன்பது வருட வேகம்

மார்ச் 3, செவ்வாய்
டயர் கடை மாடியில் வழக்கமான பயிற்சி. முதல் பாட்டிலேயே அண்ணன் கையிலிருந்து டிரம் குச்சி இரண்டு தடவை பறந்தது. இரண்டாவது என் பேஸ் கிட்டார் மேல் விழுந்தது. வேர்வை என்றான். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு வேர்வையாம்!

மார்ச் 6, வெள்ளி
அண்ணனுக்கு மணிக்கட்டு தேய்ந்துவிட்டதாம். பகலெல்லாம் பஸ் ஓட்டுகிறான், மாலையில் எங்கள் பாட்டு. இந்த வேகத்தில் இனி அடிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெதுவாக வாசிப்போமே என்றேன். முறைத்தான்.

"போஸ்ட் பங்க் ராக்னு ஆயிரம் பேர் வாசிக்கிறாங்க. நம்மள வேகத்துக்காகத்தான் தேடி வர்றாங்க. அதுவும் போச்சுன்னா நான் எதுக்கு?"

ஏப்ரல் 18 நிகழ்ச்சியோடு சரி என்கிறான். ஒருத்தர் விலகினால் குழுவே கலையும் என்று மூன்று பேரும் ஆரம்பத்திலேயே சத்தியம் செய்திருக்கிறோம். எந்தக் கம்பெனிக்கும் தலையாட்டாமல், கேசட் உறையைக்கூட நாங்களே மடித்து ஒட்டி, இருபத்தொன்பது வருடம். இப்படி முடியவா?

மார்ச் 7, சனி
அழுதேன். பிறகு நான் வேலைபார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போய் எட்டுப் பேருக்கு மூக்குக்கண்ணாடி அளவெடுத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு
முதல் கேசட்டை மறுபடி வெளியிட, ஒலிப்பதிவுக்காரரிடம் மூல நாடாவைக் கொண்டுபோனேன். பாட்டுத் தொடங்கும் முன் ஒரு சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்கிறது. எங்கள் பாடகன் வீட்டுக் கடிகாரம். (கணக்கு வாத்தியார், கீச்சென்று பாடுவதால் பட்டப்பெயர் 'சைரன்'.) ஒலிப்பதிவுக்காரர் எண்ணிப் பார்த்தார்.

"அம்பது செகண்டுல அறுபது டிக் அடிக்குதே. கடிகாரத்துக்கு அப்படி என்ன அவசரம்?"

பேட்டரி தீரப்போகிற மெஷின் மெதுவாக ஓடுமாம். அதில் பதிந்ததை வேறு மெஷினில் போட்டால் எல்லாமே வேகமாகவும் கீச்சென்றும் கேட்குமாம்.

மார்ச் 16, திங்கள்
அந்தக் கேசட்டைப் பதிந்தது என் டேப் ரெக்கார்டரில். புது பேட்டரி போட்டாயா என்று அன்றைக்கு அண்ணன் கேட்டான். போட்டேன் என்றேன். போடவில்லை. கடை வரை நடக்கச் சோம்பல்.

பிரதிகள் வந்தபோது நாங்களே வாயைப் பிளந்தோம் — இவ்வளவு வேகமாகவா வாசித்தோம்! அதை எட்டிப்பிடிக்க நான்கு மாதம் பேய்மாதிரி பழகினோம். சைரன் தொண்டையைக் கிழித்துக்கொண்டான்.

சொன்னால் அண்ணன் என்னைக் கொன்றுவிடுவான். சொல்லாவிட்டால் விலகிவிடுவான். என்னடீ செய்யப்போகிறாய்?

மார்ச் 17, செவ்வாய்
சொல்லிவிட்டேன். நாடாவைச் சரியான வேகத்தில் போட்டும் காட்டினேன். "யாருப்பா இது? நல்லாப் பாடுறானே" என்றான் சைரன், தன் குரலைக் கேட்டே.

அண்ணன் நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றினான்.

"போட்டியான்னு கேட்டேன்ல?"

"கேட்டே."

"போட்டேன்னு சொன்னேல்ல?"

"சோம்பல்ண்ணா."

எழுந்து போய் டிரம் முன்னால் உட்கார்ந்தான். நாடாவோடு சேர்ந்து, அதே வேகத்தில், பாட்டு முழுக்க அடித்தான். குச்சி விழவில்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18, சனி
நிதானமாகத்தான் வாசித்தோம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் கூட்டத்தில் ஒருத்தர், வயசாயிடுச்சா என்று கத்தினார். அண்ணன் மைக்கை இழுத்தான்.

"இல்லைங்க. இன்னைக்குத்தான் சரியா வாசிக்கிறோம். ஏன்னு என் தங்கச்சி சொல்லுவா."

மேடையில் வைத்து முழுக் கதையையும் என் வாயாலேயே சொல்ல வைத்தான், படுபாவி. மானம் கப்பலேறியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கடைசிப் பாட்டு வரை ஆடியது.

அவன் விலகுவது பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கேட்க எனக்குப் பயம்.

ஏப்ரல் 20, திங்கள்
அண்ணனிடமிருந்து செய்தி: "நாளைக்குப் பயிற்சிக்கு வரும்போது கிட்டார் ட்யூனருக்கு பேட்டரி வாங்கிட்டு வா. பில்லு வேணும்."

நடந்தே போய் வாங்கி வந்தேன். நாளைக்கு அவனிடம் காட்டிவிட்டு, பில்லை இந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.