சுவரில் ஏழாவது படம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தை ஆதிரை இப்போதுதான் தூங்கினாள். நீயும் அப்பாவும் சுகம்தானே? நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், பயப்படாமல் படி.

இன்று உன் மாப்பிள்ளை சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பனியில் ஆபீஸுக்கே போனேன். அவர் வேலையை விட்டு இரண்டு மாதமாம்! அங்கே போய்க் கேளுங்கள் என்று எதிரே உள்ள இங்கிலீஷ் பப்பைக் காட்டினார்கள்.

அது நூறு வருட மதுக்கடை. குதிரை லாயத்தைக் கடையாக்கிய மீசைக்காரர் முதல் போன வருடம் இறந்தவர் வரை, ஆறு முதலாளிகளின் படங்கள் சுவரில் வரிசையாக இருந்தன. எல்லாரும் செத்தவர்கள். ஏழாவதாக இவர் படம்! எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து, என்னை வெட்டிவிட்டு எடுத்தது. சாப்பாட்டு டப்பா கைநழுவியது. அலறிவிட்டேன்.

சமையலறையிலிருந்து இவர் ஓடிவந்தார்.

"கத்தாதடி! நான் சாகல. கடையைக் குத்தகைக்கு எடுத்திருக்கேன். இங்க சாவி வாங்கின அன்னிக்கே படம் மாட்டிடுவாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உடனே உங்கப்பாவுக்குப் போயிடுமே!"

சாராயக்கடை மறியலில் சிறைக்குப் போன மனுஷர் நம் அப்பா. அவர் அடுத்த மாதம் இங்கே வந்து இறங்கப்போகிறார். மாப்பிள்ளை படத்தை அந்தச் சுவரில் பார்த்தால் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவார். நான் ஒன்றரை வருடமாக அவருக்காகக் காத்திருக்கிறேன், அம்மா. இதைச் சொல்லி அழக்கூட இங்கே எனக்கு யாருமில்லை.

அப்பாவிடம் நீ சொல்கிறாயா, நானே சொல்லட்டுமா? இவர் படத்தைக் கழற்றமாட்டாராம். திருஷ்டிக் கயிறு ஒன்று அனுப்பு, ரசப்பொடியும். குழந்தை அழுகிறாள்.

சீக்கிரம் பதில் போடு.

உன் கயல்